புதிதாக வந்தவருக்கு ஒரு மழைத்தட்டு

ஐப்பசி பிறந்தும் ஒரு தூறல்கூடப் போடாத வருசத்தில், எங்கள் தெருக் கடைசியில் இருக்கிற சமுதாயக் கூடத்துக்குள் மழை பெய்தது. வெளியே பெய்யவில்லை. கூரை ஒழுகவும் இல்லை, ஒழுகுவதற்கு மேலே தண்ணீர் இருந்தால்தானே. உள்ளே, மின்விசிறிக்குக் கீழே, வட்டமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் பெய்தது.

அந்தக் கூடத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்கள் கூடுவார்கள். அதற்குக் கூடல் என்று பேர். முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள், மகளிர் குழு நடத்துகிறவர்கள், கண் முகாம் போடுகிறவர்கள், மரம் நடுகிறவர்கள், நடக்க முடியாதவர்களுக்கு மூன்று சக்கர வண்டி வாங்கித் தருகிறவர்கள் எல்லோரும் மாவட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, தோளில் ஜோல்னாப் பையும் கழுத்தில் பேர் எழுதின அட்டையுமாக வட்டமாக உட்கார்ந்து, காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரைக்கும் பேசுவார்கள். எதிர்வீட்டு வாசலில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற எனக்கு அந்தப் பேச்சில் முக்கால்வாசி காதில் விழுந்துவிடும், மீதியைக் கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

கூடலை நடத்துகிறவர் சற்குணம் சார். கோபமே வராத மனிதர், யார் என்ன சொன்னாலும் "நல்ல பகிர்வு" என்பார். அவர் வைத்திருந்த வழக்கங்கள் மூன்று. முதலாவது அறிமுகச் சுற்று. மைக் ஒவ்வொருவர் கைக்கும் போகும், ஒவ்வொருவரும் பேர், ஊர், செய்கிற வேலை, இன்றைக்கு என்ன எதிர்பார்ப்பு என்று சொல்ல வேண்டும், இருபது வருசமாக ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தவர்கள் ஆனாலும் சொல்ல வேண்டும். இரண்டாவது, சுவரில் ஒட்டுகிற ஒரு பெரிய தாள். அதன் தலையில் "பிறகு பேசுவோம்" என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கும். நேரத்துக்கு ஒவ்வாத கேள்வி, பதில் தெரியாத கேள்வி, சண்டை மூட்டுகிற கேள்வி எது வந்தாலும் அதை அந்தத் தாளில் மரியாதையாக எழுதிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விடுவார்கள், சாயங்காலம் தாளைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். மூன்றாவதுதான் மழைத்தட்டு. வட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் சும்மா கைதட்டக் கூடாது. முதலில் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், பிறகு இரண்டு விரல், பிறகு மூன்று, நாலு, கடைசியில் முழுக்கை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தகரக் கூரையில் மழை வலுப்பது போலவே இருக்கும்.

அப்படித்தான் அந்த ஐப்பசிச் சனிக்கிழமை, முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மழைத்தட்டு தட்டினார்கள். ஒரு விரலில் காற்று குளிர்ந்தது, இரண்டு விரலில் மண் வாசம் வந்தது, மூன்றாவது விரலில் தரையில் பொட்டுப் பொட்டாக ஈரம் விழுந்தது, முழுக்கைக்குப் போனபோது கொட்டியது. கை நின்றதும் நின்றது.

ஒருத்தரும் எழுந்து ஓடவில்லை. ஒரு அம்மா மட்டும், "சார், சுவத்துல இருக்க சார்ட்டை எடுங்க, மை கரையுது" என்றார். சற்குணம் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த மழை உங்களுக்குள்ள என்ன உணர்வைத் தந்துச்சுன்னு ஒவ்வொருத்தரா பகிர்ந்துக்கலாம்" என்றார். பகிர்ந்துகொண்டார்கள். அதிலேயே மத்தியானம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டிய விதத்தில் நடந்தது. மரம் நடுகிறவர்கள் மழை சுற்றுச்சூழல் கணக்கில் வரும் என்றார்கள், கண் முகாம்காரர்கள் சுகாதாரத்தில் வரும் என்றார்கள், எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒரு துணைக்குழு போட்டார்கள், துணைக்குழு இன்னொரு கூட்டம் கேட்டது. கழுத்து அட்டைகளுக்கு பிளாஸ்டிக் உறை வந்தது. சாப்பாட்டுப் பொட்டலங்களை மேடை மேல் ஏற்றி வைத்தார்கள். படம் காட்டுகிற மெஷின் நனைந்து செத்துப்போனது, அது இல்லாமலும் கூட்டம் நடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரு முனையில் இருக்கிற தீப்பெட்டி ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்து, எந்த நேரத்துக்குக் கைதட்டுவீர்கள் என்று பணிவாகக் கேட்டுப் போனார், அதற்குத் தக்கபடி ஈரக்காற்று படாமல் குச்சிகளை உலர்த்தி எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான். அதனால் நாங்கள் வேறு எதுவும் யோசிக்கவில்லை, குடத்தை எடுத்துக்கொண்டு போனோம். முன்னால் போனது பேச்சித்தாய் மதினி. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, கையில் இரண்டு என்று போய் நாற்காலிகளுக்கு நடுவில் குடங்களை வைத்துவிட்டு, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சற்குணம் சார் தட்டச் சொன்னார், தட்டினார்கள், ஒரு சொட்டு விழவில்லை. காற்றுகூடக் குளிரவில்லை.

சார் சுற்றிலும் பார்த்தார். "வட்டத்துல யாரோ இன்னும் அறிமுகம் சொல்லல" என்றார்.

மைக் மதினி கைக்குப் போனது. மதினி அதைக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, "என் பேரு பேச்சித்தாய். ஊரு இதே தெரு" என்றார்.

"நீங்க எந்த நிறுவனம்மா?"

"நிறுவனமா? எங்க வீடுதான். நாலு உருப்படி, ஒரு மாமியா."

"உங்க எதிர்பார்ப்பு?"

"நாலு குடம்."

தட்டினார்கள். பெய்தது. நாலு குடமும் நிறைந்தன. எதிர்பார்ப்பு முழுசாக நிறைவேறின முதல் ஆள் மதினிதான் என்று சற்குணம் சார் அன்றைய அறிக்கையில் எழுதியதாகச் சொன்னார்கள்.

அடுத்த தடவை தெருவே போனது. இத்தனை குடத்துக்கு நடுவில் இடம் போதவில்லை, நாற்காலிகளைப் பின்னால் நகர்த்தினோம், நகர்த்தின அளவுக்கு மழை அகலமானது. சுவர் வரைக்கும் நகர்த்தினோம். பிறகு இது எதுக்கு நாலு சுவருக்குள்ளே என்று வெளியே முற்றத்தில் போட்டோம், வட்டம் எவ்வளவோ அவ்வளவுக்கு வானத்திலிருந்து இறங்கியது, வட்டத்துக்கு வெளியே காயப்போட்டிருந்த என் பிள்ளையின் சட்டை சொட்டு நனையாமல் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. துணி காயவைக்கிறவளுக்கு இதைவிட வசதியான மழை கிடையாது. பக்கத்து ஆளுக்குக் கை எட்டாதபடி இடைவெளி விட்டாலும், வட்டத்தில் உட்கார்ந்த ஒரு ஆள் தட்டாமல் விட்டாலும் பெய்யாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தெருப் பெண்கள் கேட்டுக்கொண்டதால் மாதக் கூடல் வாரக் கூடலாக மாறியது, அதற்கும் ஒரு விவாதம் நடந்துதான் மாறியது. நாங்களும் அறிமுகம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டுக்காரர் பேரைச் சொல்லாமல் தன் பேரை மட்டும் மைக்கில் சொல்வது முதலில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, இரண்டாவது வாரத்தில் போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவில், சந்தோசப்படாமல் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார் என்றால் அது வேளாங்கண்ணி டீச்சர். நத்தக்குளத்தில் பால்வாடி நடத்துகிறவர். மூன்று வருசமாகக் கூடலுக்கு வருகிறார், மூன்று வருசமாக எதிர்பார்ப்பு கேட்கும்போது ஒன்றையேதான் சொல்கிறார்.

"எங்க ஊர்க் கண்மாயில தண்ணி இல்ல சார். தண்ணி நின்னா மிளகாய் போடுவாக, ஆடு மாட்ட வச்சுக்கிட்டு ஊர்லயே இருப்பாக. இல்லாட்டி தை பிறந்ததும் ஆள் பிடிக்கிற மாடக்கண்ணு லாரி வரும், சனங்க வடக்கே செங்கல் சூளைக்குப் போயிரும். பெரியவங்க போனா என் பிள்ளைகளும் போயிருமே."

"நல்ல பகிர்வு" என்பார் சற்குணம் சார். அது பெரிய விசயம், புலம்பெயர்வு, நீர்நிலை, குழந்தை உரிமை மூன்றும் சேர்ந்தது, இன்றைக்கு நேரம் போதாது என்று "பிறகு பேசுவோம்" தாளில் டீச்சர் பேரோடு எழுதுவார்கள். சாயங்காலம் அது பீரோவுக்குப் பின்னால் போய்விடும். ஒரு தடவை மாடக்கண்ணுவைப் பற்றியே ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள், அவரை எப்படி எதிர்கொள்வது என்று குழுக் குழுவாகப் பிரிந்து தாள் தாளாக எழுதினார்கள். அவரை நேரில் பார்த்திருந்தது டீச்சர் மட்டும்தான்.

டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார். போன வருசம் சூளைக்குப் போய்விட்டு ஆடியில் திரும்பி வந்த ஒரு பிள்ளையிடம் மணலைக் கொடுத்து 'அ' எழுதச் சொன்னாராம், அது விரலை நீட்டவே இல்லையாம், மணலைக் குவித்துத் தட்டித் தட்டிச் சதுரமாக்கி வரிசையாக வைத்ததாம். "அழகா வச்சிருந்துச்சு பாத்துக்கிடுங்க. ஒரு கோணல் இல்ல. அச்சு அசல் செங்கல்லு" என்றார். என் மடியில் இருந்த பிள்ளையின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு மூடினார்.

மார்கழியில் ஒரு வாரம், முற்றத்தில் பெய்து ஓய்ந்து எல்லோரும் குடங்களைத் தூக்குகிற நேரத்தில், டீச்சர் மைக்கை வாங்கி, "அடுத்த கூடல எங்க கண்மாயில வச்சுக்குவோம்" என்றார். "கரையைச் சுத்தி உக்காருவோம். வட்டம் அவ்வளவு பெருசானா மழையும் அவ்வளவு பெருசா பெய்யும்ல."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாப்பாடு எப்படி, கழிப்பறை எங்கே, கரை முழுக்க உட்கார ஆள் எத்தனை வேண்டும். நத்தக்குளம் எந்த நிறுவனத்தின் எல்லையில் வருகிறது என்று கேட்டார் ஒருவர், எங்கள் நிறுவனத்தின் எல்லைதான் என்றார் இன்னொருவர், அங்கே நாங்கள் ஏற்கனவே ஒரு பலகை நட்டிருக்கிறோமே என்றார் மூன்றாமவர். சற்குணம் சார் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு "பிறகு பேசுவோம்" தாளைப் பார்த்துத் திரும்பினார்.

"சார், அந்தத் தாள்ல இனி எடம் இல்ல" என்றார் டீச்சர். "என் பேருல எழுதினதே அடுக்கி வச்சா இடுப்பளவு வரும்."

அதற்குள் பேச்சித்தாய் மதினி, "நாங்க வாறோம் டீச்சர்" என்றுவிட்டார். "இத்தன நாளா உங்க கைதட்டுல எங்க வீட்டுத் தொட்டி நிறையுது. ஒரு நாளைக்கு எங்க கை வந்தா தேய்ஞ்சா போகும்? குட்டியானை வண்டி ரெண்டு பிடிச்சா தெருவே வந்துரும்."

தை பிறந்து பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை போனோம். குட்டியானையில் நின்றுகொண்டே போனோம், பிள்ளைகளை நடுவில் விட்டுச் சுற்றிலும் நாங்கள். நத்தக்குளத்துக் கண்மாய் என்று காட்டியது கண்மாயாகவே தெரியவில்லை. வெடித்த கரிசல், நட்ட நடுவில் ஒரு கருவேல மரம், குறுக்கே வண்டித் தடம். கரை ஒரு பக்கம் மடைக்கல்லுக்குப் பக்கத்தில் மேல்மண் சரிந்து தாழ்ந்து கிடந்ததால் லாரி, டிராக்டர் எல்லாம் வருசக்கணக்காகக் கண்மாய்க்குள் இறங்கித்தான் ஊருக்குள் போய்வந்துகொண்டிருந்தன.

கரையைச் சுற்றிச் சனம் உட்கார ஆரம்பித்தது. நாற்காலி தீர்ந்ததும் ஸ்டூல், ஸ்டூல் தீர்ந்ததும் கவிழ்த்த அண்டா, சாக்கு, தென்னமட்டை. பக்கத்து ஊர்களிலிருந்து மகளிர் குழுக்கள் வந்தார்கள், மூன்று சக்கர வண்டிகள் ஒரு வரிசையாக வந்தன, முதியோர் இல்லத்திலிருந்து ஒரு வேன் வந்தது. நத்தக்குளத்துக்காரர்கள் வந்தார்கள், ஆனால் வடக்குத் தெரு ஒரு கரையிலும் தெற்குத் தெரு எதிர்க்கரையிலும் உட்கார்ந்தது. இரண்டுக்கும் நடுவில் இந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி நிறுத்துகிற இடைவெளி, அந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி நிறுத்துகிற இடைவெளி. யாரும் நகரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை, எல்லோருக்கும் தெரியும்.

சற்குணம் சார் சண்டை போடத் தெரியாதவர். அவர் கூட்டங்களில் குழுப் பிரிக்கிற பழக்கப்படி, "எல்லாரும் வரிசையா ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க" என்றார். சொன்னார்கள். "இப்ப ஒண்ணெல்லாம் இந்தப் பக்கம், ரெண்டெல்லாம் அந்தப் பக்கம், மூணெல்லாம் மடைப் பக்கம்" என்று ஊதலை ஊதினார். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் ஊதின மாதிரி இருந்ததால் எல்லோரும் எழுந்து ஓடினார்கள், உட்கார்ந்த பிறகுதான் யார் பக்கத்தில் யார் என்று பார்த்தார்கள். அதற்குள் மைக் கிளம்பிவிட்டது, மைக் கிளம்பின பிறகு எழுந்திருப்பது நாகரிகமாக இருக்காது.

அறிமுகச் சுற்று போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. என் பேரு சுடலி, ஆடு மேய்க்கேன், எதிர்பார்ப்பு புல்லு. என் பேரு எஸ்தர், மரம் நடுறோம், எதிர்பார்ப்பு நட்டது பிழைக்கணும். வெயில் ஏற ஏறச் சொல்லிக்கொண்டே போனார்கள், தபால் கொடுக்கிறவர் சொன்னார், மேளம் அடிக்கிறவர் சொன்னார், முடி வெட்டுகிறவர் சொன்னார், வாழ்நாளில் யாரும் தன்னை என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்டதில்லை என்று ஒரு அம்மா மைக்கை விடவே மாட்டேன் என்றார், அவர் எதிர்பார்ப்பு மட்டும் ஒரு படி கடலை உரிக்கிற நேரம் போனது. பால்வாடிப் பிள்ளைகளும் மழலையில் பேர் சொன்னார்கள், வேலை என்ன என்று கேட்டதற்கு ஒன்று "தூங்குறது" என்றது.

அந்த நேரத்தில்தான் லாரி வந்தது. வழக்கம் போலக் கண்மாய்க்குள் இறங்கி, வழக்கம் போலக் கருவேல மர நிழலில் நின்றது. மாடக்கண்ணு இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். டிரைவர் இறங்காமல் தன் சீட்டிலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"என்னப்பா, மூட்டையெல்லாம் கட்டியாச்சா? ஏறுங்க, வெயில் இன்னும் ஏறுறதுக்கு முன்னால கிளம்புவோம்" என்றார் மாடக்கண்ணு கரையேறி. மூட்டைகள் கட்டித்தான் இருந்தன, அவற்றின் மேல்தான் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இருங்கண்ணாச்சி" என்றார் ஒருவர். "இன்னும் என் முறை வரல."

"என்ன முறை?"

"பேர் சொல்ற முறை."

மாடக்கண்ணு சிரித்துவிட்டு ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு நின்றார். காத்திருந்தார். நாற்பது வீட்டுச் சனத்தை ஒரே இடத்தில் உட்கார வைத்து எண்ணிக் கொடுப்பது போல இருந்ததால் அவருக்கும் அது ஒரு விதத்தில் வசதிதான்.

மைக் கடைசிக் கரைக்கு வந்தபோது மடைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் குறைவது தெரிந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்த அம்மா கையை நீட்டினாலும் இந்தப் பக்கத்து அண்ணன் கை எட்டவில்லை. டீச்சர் கரையில் ஓடினார். ஊருக்குள் படுத்த படுக்கையாக இருந்த ஒருவரைக்கூட ஏற்கனவே கட்டிலோடு தூக்கி வந்தாயிற்று. இனி ஆள் கிடையாது. நகர்ந்து உட்காரச் சொன்னால் இன்னொரு இடத்தில் இடைவெளி விழும். டீச்சர் ஓடி வந்து நின்ற இடத்தில், அந்த இடைவெளியில், தேநீர்த் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தது மாடக்கண்ணு.

மைக் வைத்திருந்த அம்மா தன் பேரைச் சொல்லி முடித்துவிட்டு, காலையிலிருந்து எல்லோரும் செய்தது போலவே, பார்க்காமலேயே மைக்கைப் பக்கத்து ஆளிடம் நீட்டினார். "இந்தாங்க, அடுத்து."

மாடக்கண்ணு மைக்கை வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் இல்லை, கோயில் கொடையில் மைக் கிடைத்தால் வாழ்த்திப் பேசாமல் இறங்க மாட்டார் என்று பிறகு சொன்னார்கள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மடைக்கல்லில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"என் பேரு மாடக்கண்ணு. ஊரு கழுகடி. வேலை வந்து..." கொஞ்சம் யோசித்தார். "வேலை இல்லாத சனத்துக்கு வேலை வாங்கிக் குடுக்கது."

எதிர்க்கரையிலிருந்து சற்குணம் சார் கேட்டார். "உங்க எதிர்பார்ப்பு அண்ணாச்சி?"

"சீக்கிரம் முடிச்சீகன்னா லாரி கிளம்பும்."

"நல்ல பகிர்வு" என்றார் சற்குணம் சார். அவர் குழுக் குழுவாகப் பிரித்துத் தாள் தாளாக எழுத வைத்தது இந்த மாடக்கண்ணுவைப் பற்றித்தான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததா வரவில்லையா தெரியாது. முப்பது வருசப் பழக்கம் நாக்கில் இருந்தது. "வட்டம் நிறைஞ்சுபோச்சு. நம்ம வட்டத்துக்குப் புதுசா வந்திருக்கிற மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு மழைத்தட்டு."

கரை முழுக்கக் கைகள் உயர்ந்தன. டீச்சர் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், முகம் சிவந்து போயிருந்தது.

"இவனுக்கா?" என்றார் மெதுவாக. "இவனுக்கா நான் தட்டணும்?"

"ஒரு ஆளு தட்டலேன்னாலும் பெய்யாது டீச்சர்" என்றேன். அது அவருக்குத் தெரியாததா.

டீச்சர் மாடக்கண்ணுவைப் பார்த்தார். அவர் பெரிய மனிதர்கள் மாலை வாங்குகிற மாதிரி தலையைச் சற்றுத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார். டீச்சர் காலடியில், மணலைச் சதுரம் சதுரமாகத் தட்டினது என்று சொன்னாரே, அந்தப் பிள்ளை ஒரு விரலை ஆயத்தமாக நீட்டிக்கொண்டு டீச்சர் தட்டுவதற்காகக் காத்திருந்தது. பால்வாடியில் எது செய்தாலும் டீச்சர் முதலில் செய்ய வேண்டும், அப்புறம்தான் பிள்ளைகள். டீச்சர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பி, அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டே, ஒரு விரலால் தட்டினார்.

ஒரு விரலில் காற்று குளிர்ந்தது. இரண்டு விரலில் மண் வாசம் வந்தது, கரிசல் மண்ணுக்கு வாசம் கூடுதல், ஆடுகள் கத்தின. மூன்றாவது விரலில் வெடிப்புகளுக்குள் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. என் பிள்ளை மடியில் தூங்கிவிட்டதால் நான் அதன் முதுகில்தான் தட்டினேன், நாலு விரல் வந்தபோதும் அது முழிக்கவில்லை. முழுக்கைக்கு வந்ததும் எதிர்க்கரை மறைந்து போனது. கண்மாய் அளவுக்கு ஒரு மழை, கண்மாயின் வடிவத்திலேயே, கரைக்கு வெளியே ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கியது, எங்களுக்கு முன்பக்கம் முழுக்க நனைந்து முதுகுப்பக்கம் வெயில் அடித்தது.

மாடக்கண்ணுவும் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணை மூடித் தட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் முழித்து வண்டியைக் கிளப்பின சத்தம் மழைக்குள்ளிருந்து வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். நனைந்த கரிசல் எப்படி என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, செருப்பை விடாது, மாட்டை விடாது, லாரியை மட்டும் விட்டுவிடுமா. சக்கரம் சுற்றியது, சுற்றச் சுற்ற இறங்கியது. டிரைவர் கருவேல மரத்தில் ஏறிக்கொண்டார். மாடக்கண்ணு எழுந்து ஓடியிருக்கலாம், ஓடியிருந்தால் வட்டம் அறுந்து மழையும் நின்றிருக்கும். ஆனால் அதற்குள் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது, இனி ஓடி என்ன. அதுவும் போக, இத்தனை ஊர்ச் சனம் தனக்குக் கைதட்டுகிறபோது தான் மட்டும் நிறுத்துவது நன்றாக இருக்காது என்று அவருக்குப் பட்டிருக்கும். தட்டிக்கொண்டேயிருந்தார்.

பேச்சித்தாய் மதினிதான் மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டார். "அண்ணாச்சி, லாரிக்கு நீச்சல் தெரியுமா?"

கை மரத்துப்போகிற வரைக்கும் தட்டினோம், மரத்த பிறகும் தட்டினோம். பொழுது சாய்கிற நேரத்தில் யாரோ ஒருத்தர் தும்மி நிறுத்தினார், மழையும் நின்றது. கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர். லாரியின் முகப்பு விளக்கு இரண்டும் தண்ணீருக்கு மேலே மூக்கு வரைக்கும் மூழ்கின எருமையின் கண் மாதிரி தெரிந்தன. டிரைவரை அண்டாவில் உட்கார வைத்து இழுத்து வந்து சுக்குக் காப்பி கொடுத்தார்கள். மூட்டைகள் நனைந்துவிட்டதால் அவிழ்த்துத்தான் காயப்போட வேண்டும் என்று பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவிழ்த்த மூட்டையை மறுபடி கட்ட நாளாகும்.

எல்லோரும் தங்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சில குடும்பங்கள் பஸ் ஏறி வடக்கே போனார்கள், பால்வாடியில் அந்தப் பிள்ளைகளின் தட்டுகளை டீச்சர் கழுவித் தனியாக வைத்திருக்கிறார். மற்றவர்கள் மிளகாய் நாற்றுப் பாவினார்கள். மணலைச் சதுரமாகத் தட்டின பிள்ளை 'அ' எழுதுகிறது, கொஞ்சம் கோணலாக. கூடலின் அறிக்கையில், பங்கேற்பு நன்றாக இருந்தது, மதிய உணவு தாமதமானது என்று எழுதியிருந்தார்கள்.

மாசியில் சமுதாயக் கூடத்தில் கூடல் நடந்தபோது மாடக்கண்ணு வந்தார். அவர் பேருக்கு அட்டை எழுதிக் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அறிமுகச் சுற்றில் மைக் வந்ததும் எழுந்து நின்றார்.

"என் பேரு மாடக்கண்ணு. லாரி இன்னும் கண்மாய்க்குள்ளதான் நிக்கி. நீர்க்காகம் வந்து கூடு கட்டுது, பயலுக மேல ஏறிக் குதிச்சு நீஞ்சுதானுக. எதிர்பார்ப்பு என்னன்னா..." வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "தண்ணி வர்றதுக்கு ஒரு தட்டு வச்சிருக்கீகள்ல. வத்துறதுக்கு ஏதாச்சும் தட்டு இருக்கா?"

நாங்கள் குடங்களோடு உட்கார்ந்திருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. சற்குணம் சார் நெற்றியைத் தடவினார்.

வேளாங்கண்ணி டீச்சர் எழுந்து போய், பச்சை ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நல்ல கேள்வி அண்ணாச்சி" என்றார்.

"பிறகு பேசுவோம்" என்ற தலைப்புக்குக் கீழே, பால்வாடியில் கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு குண்டான எழுத்தில், மாடக்கண்ணு அண்ணாச்சி, லாரி, என்று நிதானமாக எழுதி, எழுதினது மழையில் கரையாமல் மேலே பிளாஸ்டிக் தாளையும் ஒட்டினார். பிறகு எல்லோரும் தேநீருக்கு எழுந்தார்கள்.